சதுக்கம் கண்ட கதை

எங்கள் மைத்துனர் மகன் திருப்பெரும்புதூரை அடுத்த கொரியத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளன். பயிற்சிக்கென மூன்று திங்கள் சியோல் நகருக்கு அனுப்பப்பட்டவன், பனி படர்ந்த பெருஞ்சதுக்கம் ஒன்றின் படங்களை அங்கிருந்து எங்களுக்கு அனுப்பியிருந்தான். பின்னே மலை, மலையடியில் மூன்று வளைவுகள் கொண்ட பழைய அரண்மனை வாயில், அதற்கு முன்னே அரியணையில் அமர்ந்த ஓர் அரசரின் பொன்னிறச் சிலை, இன்னும் சற்று முன்னே வாளேந்தி நிற்கும் கடற்படைத் தலைவர் ஒருவரின் சிலை. குவாங்வாமுன் சதுக்கம் என்பது அதன் பெயர்.

"அப்பா, இப்படி ஓர் இடத்தை நாம் எப்போது பார்ப்போம்?" என்று கேட்டான் எம் மகன். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு மெய்யைச் சொல்லிவிடுவதே நன்று. மைய அரசு எழுத்தரின் விடுப்புப் பயணச் சலுகை கடல் கடப்பதில்லை. அது கன்னியாகுமரியோடு நின்றுவிடும். அதைச் சொன்ன கையோடு, "ஆனால் 400 ஆண்டைக் கடந்த சதுக்கம் ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறதே" என்றும் சொல்லிவிட்டோம்.

"எது நம் ஊர்?" என்ற குரல் கூடத்து மூலையிலிருந்து வந்தது. எம் அன்னையாரின் குரல் அது.

அக்கேள்விக்கு ஒரு முன்கதை உண்டு. அதற்கு முந்திய வாரம் பள்ளியில் 'எனது சொந்த ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். எம் மகன் பாலாநகரைப் பற்றி எழுதினான். பட்டறைகளின் ஓசை, 2021இல் திறக்கப்பட்ட மேம்பாலம், மெட்ரோ இரயில் நிலையம் எல்லாம் அதில் வந்தன. ஆசிரியரும் நல்ல மதிப்பெண் இட்டிருந்தார். பூம்புகாருக்கு அண்மையில் உள்ள எங்கள் சிற்றூரைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அன்னையார் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார், கேட்டபின் ஒன்றும் பேசவில்லை, அன்றிரவு உண்ணவுமில்லை. பையன் செய்த பிழை என்ன என்று எங்களாலும் எடுத்துக் கூற இயலவில்லை. அவன் பிறந்தது இங்கே; பேசப் பழகியது இங்கே. தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் தடையின்றிப் படிப்பான். தமிழை மட்டும், நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பின் புண்ணியத்தால், எழுத்துக் கூட்டிப் படிப்பான்.

நம் சங்கத்து அன்பர்கள் பலரது இல்லங்களிலும் இவ்வழக்கு நடந்திருக்கும் என்பதனாலேயே இதனை இங்கு எழுதத் துணிந்தோம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் கூறிவிட வேண்டும். இந்நகருக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. இத்தனை ஆண்டுகளில் குடும்பத்தோடு சார்மினாரைச் சென்று கண்டதில்லை. ஊரிலிருந்து உறவினர் வந்தால் கோல்கொண்டாவைக் காட்டுவோம், பிர்லா மந்திரைக் காட்டுவோம், சாலார் ஜங் காட்சியகம் வரையிலும் அழைத்துப் போவோம். அதற்கப்பால் 'பழைய பட்டணம்' என்று சொல்லித் திரும்பிவிடுவோம். நாம் வந்த மறு ஆண்டு, 2007 மே மாதத்தில், மக்கா மசூதியில் குண்டு வெடித்தது. அன்று அலுவலகத்திலிருந்து நேரத்தோடு வீடு திரும்பியவர்களில் நாமும் ஒருவர். அந்த அச்சம் அதன்பின் வழக்கமாகிவிட்டது. அச்சம் தேய்ந்த பின்னும் வழக்கம் தேயவில்லை. சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே ஓடும் விரைவு வண்டிக்கே சார்மினார் என்றுதான் பெயர். அவ்வண்டியில் எத்தனை முறை ஏறி இறங்கியிருப்போம்! பெயரில் பயணம் செய்தோமே ஒழிய, இடத்தைச் சென்று காணவில்லை.

ஆக, மார்கழியில் ஒரு ஞாயிறன்று நாங்கள் ஐவரும் புறப்பட்டோம். பாலாநகர் நிலையத்தில் ஏறினால் மெட்ரோ வண்டி அமீர்ப்பேட்டை, கைரதாபாத், நாம்பள்ளி வழியாக மகாத்மா காந்தி பேருந்து நிலையத்தில் கொண்டுவந்து விடுகிறது. அங்கிருந்து ஆட்டோ பிடித்து, மூசி ஆற்றின்மேல் நயாபுல் பாலத்தைக் கடந்து, பத்தர்கட்டியின் கல் வளைவுக் கடைத்தெருவில் இறங்கி நடந்தோம். இந்த மூசி இன்று மெலிந்து கிடக்கிறது; 1908 செப்டம்பர் 28இல் கரை கடந்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனதும் இதுவே. அவ்வெள்ளத்திற்குப் பின் 1912இல் நகர மேம்பாட்டுக் கழகம் அமைக்கப்பட்டது. பத்தர்கட்டியின் ஒழுங்கான கடை வரிசை அக்கழகத்தின் கைவண்ணம்.

சற்றுத் தொலைவு நடந்ததும் சாலைக்குக் குறுக்கே ஒரு பெரிய வளைவு நின்றது. மச்லி கமான் அது. மீன் வளைவு என்று பொருள். நற்குறியாக மீன் உருவம் தொங்கவிடப்பட்டதால் வந்த பெயர் என்பர். கமான் என்ற பாரசீகச் சொல்லுக்கு வில் என்பது பொருள். வளைந்த வாயிலைக் கமான் என்று நம் ஊர்க் கொத்தனார்களும் சொல்வதுண்டு. அச்சொல் எவ்வழியாக நம் ஊர் வந்தது என்பதை அன்றுதான் எண்ணிப் பார்த்தோம்.

இதுபோல் நான்கு கமான்கள். வடக்கே மச்லி கமான். தெற்கே சார்மினாரை நோக்கிய சார்மினார் கமான். கிழக்கே காலி கமான். மேற்கே ஷேர்-எ-பாதில் கமான். கிழக்கு வளைவு அரச முரசங்கள் முழங்கிய இடம். மேற்கு வளைவு அரண்மனைக்குச் செல்லும் தலைவாயில். பொன்னிழைத் திரை தொங்கிய வாயில் என்று பழைய ஏடுகள் புகல்கின்றன. நான்குக்கும் நடுவில் இருந்த திறந்த வெளிக்கு ஜிலுகானா என்று பெயர். அரச காவற்படை அணிவகுத்த முற்றம் அது. அதன் நட்டநடுவில் நான்கு திசைக்கும் பொதுவாக ஒரு நீர்த்தொட்டி. 'சார்சு கா ஹவுஸ்' என்று அன்றும் குல்சார் ஹவுஸ் என்று இன்றும் வழங்குவது அதுவே.

அந்நீர்த்தொட்டியின் அருகே போய் நின்றோம். எம் அன்னையார் அதனை ஒருமுறை பார்த்தார். எங்களை ஒருமுறை பார்த்தார். "இதுவா தம்பி?" என்றார்.

அவரைக் குறை கூற இயலாது. சாலை நடுவே கம்பி வேலியிட்ட சிறு நீரூற்று. அதைச் சுற்றி ஆட்டோக்களும் இருசக்கர வண்டிகளும். நான்கு புறமும் முத்து மாலைக் கடைகளும் வெள்ளிக் கடைகளும் நெருங்கி, முற்றம் என்று சொல்லத்தக்க வெளியே இல்லை. சியோலின் படங்களை மனத்தில் ஏந்தி வந்த பையன் முகம் வாடிவிட்டது. சதுக்கம் கடைகளுக்குள் கரைந்துபோய்விட்டது. நான்கு மூலைகளை மனத்தால் நீட்டிப் பார்த்தால்தான் அதன் அளவு விளங்கும். அக்கடை வீடுகளின் வரிசையில்தான் 2025 மே 18ஆம் நாள் விடியலில் தீப்பற்றி, ஒரே குடும்பத்தார் 17 பேர் மாண்டனர். அவர்களில் 8 பேர் குழந்தைகள். குறுகிய வழியும் நெருங்கிய கட்டடமும் என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. அந்த இடத்தைக் கடக்கையில் எம் இல்லத்தரசி மகளின் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

இனி, இச்சதுக்கம் எழுந்த வரலாற்றைச் சிறிது காண்போம்.

கோல்கொண்டாவை ஆண்ட குதுப்ஷாகி மரபில் ஐந்தாமவர் முகம்மது குலி குதுப்ஷா. 1580இல் அரியணை ஏறினார். கோட்டைக்குள் மக்கள் பெருகி, இடமும் நீரும் போதாமற் போன காலம் அது. அவர் தந்தை இப்ராகிம் குதுப்ஷா 1578இல் மூசியின்மேல் கட்டிய பாலம் இன்றும் பழைய பாலம் என்னும் பொருளில் புரானா புல் என வழங்குகிறது. அப்பாலத்தைக் கடந்து தென்கரையில் புது நகர் ஒன்றை எழுப்பத் துணிந்தார் மகன். ஈரானிலிருந்து வந்து, அரசின் முதன்மை அமைச்சராக உயர்ந்த மீர் மோமின் அஸ்தராபாதி என்னும் அறிஞர் நகரமைப்பைத் திட்டமிட்டார். கோல்கொண்டாவிலிருந்து கிழக்கே மசூலிப்பட்டினத் துறைமுகம் நோக்கிச் செல்லும் சாலையும் வடக்கு தெற்காகச் செல்லும் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சார்மினார் எழுந்தது. முதலில் நாற்சந்தி, பின்னர் நாற்சந்தியைச் சுற்றி நகரம்.

ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கில் 1000 பிறந்த வேளை அது. நம் கணக்கில் 1591 அக்டோபர் முதல் 1592 அக்டோபர் வரை. அரபு எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. 'யா ஹாபிஸ்', அதாவது 'காப்பவனே', என்ற சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் சரியாக 1000 வரும். அச்சொல்லையே ஆண்டுக் குறிப்பாகக் கொண்டனர். கொள்ளைநோய் நீங்கிய நன்றிக்காகக் கட்டியது என்று ஒரு செவிவழிச் செய்தி. பாகமதி என்னும் காதலிக்காக நகரே எழுந்தது என்று மற்றொன்று. பாகமதி கதையை வரலாற்றறிஞர் ஷெர்வானி போன்றோர் ஏற்பதில்லை. ஆயினும் தெருவில் எவரைக் கேட்டாலும் பாகமதியைத்தான் சொல்வார்கள். ஆராய்ச்சியால் வீழ்த்த முடியாத கதைகள் நம் நாட்டிலும் எத்தனையோ உண்டல்லவா?

பக்கத்திற்கு ஏறத்தாழ 20 மீட்டர் அளவுள்ள சதுரக் கட்டடம், நான்கு திசைக்கும் நான்கு பெருவளைவுகள், நான்கு மூலையிலும் நான்கு ஸ்தூபிகள், ஒவ்வொன்றினுள்ளும் சுழன்றேறும் 149 படிகள், உச்சித்தளத்தில் தொழுகைக்கூடம். நான்கு திசையிலும் உள்ள கடிகாரங்கள் 1889இல் பொருத்தப்பட்டவை. இன்று முதல் தளம் வரையே பார்வையாளரை விடுகிறார்கள். குறுகிய படிவழியில் நாங்கள் நால்வர் ஏறினோம். அன்னையார் முழங்கால் வலியைச் சொல்லிக் கீழே அமர்ந்துவிட்டார்.

மேலிருந்து வடக்கே பார்த்தபோதுதான் பையனின் முகம் மலர்ந்தது. தெற்கு வளைவின் ஊடே நீர்த்தொட்டி, அதற்கப்பால் வடக்கு வளைவு என யாவும் ஒரே கோட்டில் நின்றன. கீழே நின்றபோது குழப்பமாக இருந்த ஊர், மேலிருந்து பார்க்கையில் ஒருவர் தாளில் கோடு கிழித்து வரைந்த ஊர் என்பது புலனாயிற்று. கைப்பேசியில் சியோல் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிடலானான். நாமும் நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம்.

குவாங்வாமுன் வாயில் 1395இல் எழுந்தது. 1592ஆம் ஆண்டுக் கோடையில் சப்பானியப் படையெடுப்பின்போது அவ்வாயிலும் அதன் பின்னிருந்த அரண்மனையும் தீக்கிரையாயின. இங்கே ஹிஜ்ரி 1000இல் ஒரு சதுக்கம் பிறந்துகொண்டிருந்த அதே ஆண்டில், அங்கே ஒரு சதுக்கத்தின் தலைவாயில் எரிந்து சாம்பலாயிற்று! சிலையாக நிற்கும் கடற்படைத் தலைவர் யி சுன்-சின் அப்போரில் நாட்டைக் காத்து, 1598இல் கடற்போரிலேயே உயிர்நீத்தவர். ஏறக்குறைய 270 ஆண்டுகள் பாழாய்க் கிடந்த வாயிலை 1860களில் மீண்டும் கட்டினார்கள். சப்பானியர் ஆட்சியில் அரண்மனைக்கு முன்பாகப் பெரிய அரசாங்க மாளிகை ஒன்று 1926இல் முடிக்கப்பட்டது. வாயிலைப் பெயர்த்துப் பக்கவாட்டில் கொண்டுபோய் வைத்தனர். பின்னர்க் கொரியப் போரில் அது சிதைந்தது. 1968இல் கற்காரையால் கட்டி, 2010இல் பழைய இடத்திலேயே பழைய முறைப்படி மரத்தால் மீண்டும் எழுப்பினர். சப்பானியர் மாளிகையை 1995, 96 ஆண்டுகளில் இடித்துவிட்டனர். சதுக்கம் என்று இன்று நாம் காணும் திறந்தவெளியோ 2009இல்தான் அமைந்தது. அதற்குமுன் அது வண்டிகள் ஓடிய பெருஞ்சாலை.

"அப்படியானால் நம்முடையதுதான் பழையது" என்றான் மகன். 'நம்முடையது' என்ற சொல் கீழே அமர்ந்திருந்த பாட்டியாரின் செவியில் விழவில்லை.

அரியணையில் அமர்ந்திருப்பவர் சேஜோங் அரசர். சீன எழுத்துகளைக் கற்க இயலாத எளிய மக்களுக்காக, ஹங்குல் என்னும் எளிய நெடுங்கணக்கை 1443இல் ஆக்கி 1446இல் நாட்டுக்கு அறிவித்தவர். தமிழராகிய நாம் தலைதாழ்த்த வேண்டிய அரசர். ஆனால் அவர் சிலைக்குப் பின்னே நிற்கும் வாயிலின் பெயர்ப்பலகை எந்த எழுத்தில் இருக்கிறது தெரியுமா? சீன எழுத்தில்! 1968இல் அன்றைய குடியரசுத் தலைவர் கைப்பட எழுதிய ஹங்குல் பலகை இருந்தது. 2010இல் பழமையை மீட்கிறோம் என்று சீன எழுத்துப் பலகையை மாட்டினார்கள். அதுவும் சில திங்களில் வெடித்துவிட்டது. 2023இல் கருநிறப் பலகையில் பொன்னெழுத்தாக மீண்டும் சீன எழுத்தையே ஏற்றினார்கள். பழைய வடிவமா, தாய்மொழி எழுத்தா என்ற வழக்கு அங்கே பலகாலம் நடந்தது. நம்மைக் கேட்டால் அரசரின் பக்கமே நிற்போம். எம் மகனோ, "முதலில் எப்படி இருந்ததோ அப்படித்தானே வைக்க வேண்டும்?" என்று எதிர்வழக்காடினான். அவன் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

சார்மினார் எழுப்பிய மன்னரும் மொழியில் தோய்ந்தவரே. முகம்மது குலி தக்கினி மொழியில் பாடல்கள் பல இயற்றிய புலவர். அவர் பாடல்களை அவருக்குப்பின் அரசேறிய மருகர் 1616இல் தொகுத்தார். தந்தை இப்ராகிமைத் தெலுங்குப் புலவர்கள் 'மல்கிபராமன்' என்று செல்லமாக அழைத்துப் பாடினர். வடசொல் கலவாத் தனித்தெலுங்கில் எழுந்த முதற்காப்பியமாகிய 'யயாதி சரித்திரம்' அவர் காலத்து முசுலிம் பெருமகன் அமீன்கானுக்குத்தான் காணிக்கையாக்கப்பட்டது. தனித்தமிழ் பேசும் நம் அன்பர்கள் இதனை மனங்கொள்ள வேண்டும்.

"தெலுங்கும் உருதும் இருக்கட்டும் தம்பி, நமக்கும் இந்த ஊருக்கும் என்ன?" என்று கீழிறங்கியதும் அன்னையார் கேட்டார். வளைவின் நிழலில் அவரருகே அமர்ந்து, அலுவலக நூலகத்தில் படித்துவைத்ததைச் சொல்லத் தொடங்கினோம். பட்டப்படிப்பில் வரலாற்றைத் துணைப்பாடமாகப் படித்ததற்கு அன்றுதான் பயன் கிட்டியது.

சென்னைப்பட்டினத்து நிலத்தை ஆங்கிலேயர் பெற்றது 1639இல். அடுத்த எட்டு ஆண்டுகளுக்குள், கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா தென்னோக்கி வந்து பூந்தமல்லி, சந்திரகிரிப் பகுதிகளைக் கைக்கொண்டான். அதன்பின் 1687 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவர்கள் அஞ்சிப் பார்த்த திசை இந்தத் திசைதான். பூந்தமல்லியில் கோல்கொண்டாவின் அதிகாரி அமர்ந்திருப்பார். அவர் முகம் சுளித்தால் சென்னைக்கு அரிசி வாராது. 1672இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, ஆண்டொன்றுக்கு 1200 வராகன் கோல்கொண்டா அரசுக்கு வாடகையாகக் கட்டுவதென்று ஆங்கிலக் குழும்பினர் ஒப்பினர். இன்று கோடிகள் புரளும் சென்னை மாநகரம் இவ்வரசின் குடிக்கூலி வீடாய் இருந்தது! மயிலைக்குப் பக்கத்துச் சாந்தோமையும் போர்த்துகீசியரிடமிருந்து 1662இல் கோல்கொண்டா கைப்பற்றியது. 1672இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். 1674இல் ஒல்லாந்தர் துணையோடு கோல்கொண்டா மீட்டது.

"அப்படியானால் மெட்ராசுக்காரர்கள் இவர்களுக்குக் குடக்கூலி கொடுத்தார்களா?" என்று பையன் கைகொட்டிச் சிரித்தான். வீட்டு வாடகையின் அருமை எழுத்தர் வீட்டுப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும்.

1677இன் தொடக்கத்தில் மராட்டிய மன்னர் சிவாஜி இந்நகருக்கு வந்தார். கடைசிக் குதுப்ஷா ஆகிய அபுல் ஹசன் தானாஷா அரியணையில் இருந்தார். அரசின் ஆட்சிப் பொறுப்பு மாதண்ணா, அக்கண்ணா என்னும் அந்தணச் சகோதரர் கையில் இருந்தது. பத்திராசலத்து இராமதாசர் அவர்களின் மருகர் என்பது நம் இசை அன்பர்கள் அறிந்ததே. இங்கு உடன்படிக்கை செய்து, பொருளும் துணையும் பெற்றுத் தெற்கே சென்ற சிவாஜி அவ்வாண்டே செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றினார். வேலூரும் மறு ஆண்டு வீழ்ந்தது. செஞ்சியின் தலையெழுத்து பாதி இந்நகரில் எழுதப்பட்டது என்றால் மிகையாகாது. மாதண்ணாவும் அக்கண்ணாவும் 1686இல் கொலையுண்டனர். மறு ஆண்டு, எட்டுத் திங்கள் முற்றுகைக்குப்பின், ஔரங்கசீப்பிடம் கோல்கொண்டா வீழ்ந்தது. சென்னையின் வாடகையை வாங்கும் கையும் அன்றே மாறிற்று.

அதன்பிறகு சதுக்கத்தின் கதை தேய்வின் கதை. நிசாம் மரபினர் தலைநகரை ஐதராபாத்துக்கு மாற்றியபின் நகர் மீண்டும் செழித்தது. ஆனால் அரசர் அரண்மனை வேறிடம் சென்றது. முற்றத்தில் வீடுகளும் கடைகளும் முளைத்தன. நிசாம் நாணயத்தில் சார்மினார் ஏறிற்று. 2014இல் தெலங்கானா அமைந்தபோது வகுத்த அரசு இலச்சினையிலும் காகதீயர் தோரணத்தின் நடுவே அதுவே நிற்கிறது. இலச்சினையில் இடம்பெற்ற பெருமை மழையைத் தடுப்பதில்லை. 2019 மே மாதத்தில் ஒரு ஸ்தூபியின் சுண்ணச் சுதைத்துண்டு பெயர்ந்து விழுந்தது. ஒன்று மட்டும் நன்றாயிற்று. சார்மினாரைச் சுற்றி முன்போல் வண்டிகள் சுழல்வதில்லை. கல் பாவிய தளத்தில் மக்கள் நடக்கிறார்கள், குழந்தைகள் ஓடுகிறார்கள். குல்சார் ஹவுசுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை.

எல்லாவற்றையும் அன்னையார் கேட்டுக்கொண்டிருந்தார். பின் எதிர்பாராத விதமாக, "நம்மூர்க் கடற்கரையில் இலஞ்சி மன்றம் கட்டி வைத்திருக்கிறார்களே, அது போலத்தானே அந்தத் தொட்டியும்?" என்றார்.

நாம் திகைத்துவிட்டோம். சிலப்பதிகாரம் புகார் நகரின் ஐவகை மன்றங்களைக் கூறுகிறது. வந்திறங்கிய பொருள்கள் காவலின்றிக் கிடந்த வெள்ளிடை மன்றம். உடற்குறையுடையோர் நீராடி நலம்பெற்ற இலஞ்சி மன்றம். நஞ்சுண்டாரும் பித்தேறியோரும் வலம்வந்து துயர் நீங்கிய நெடுங்கல் மன்றம். பொய்ச்சான்று கூறுவோரையும் புறங்கூறுவோரையும் பூதம் பாசக்கயிற்றால் பற்றிய பூத சதுக்கம். கோல் கோடியபோது கல்பாவை வாய்திறவாது கண்ணீர் உகுத்த பாவை மன்றம். சதுக்கம் என்ற சொல்லும் அங்கே வருகிறது. சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973இல் எழுந்த பூம்புகாரில் இம்மன்றங்கள் சிலவற்றை நம் காலத்தில் மீண்டும் கட்டினார்கள். அன்னையார் அவற்றை எத்தனையோ முறை கண்டிருக்கிறார். ஏட்டில் படித்தது எமக்கு அந்த இடத்தில் நினைவு வரவில்லை; கண்ணால் கண்டது அவருக்கு வந்தது.

"பூதம் நிசமாகவே கட்டிப்போடுமா பாட்டி?" என்றாள் மகள். பாட்டியார் பொய்ச்சான்று சொன்னவனைப் பூதம் பிடித்த கதையைக் கைகால் வைத்துச் சொல்லலானார். பையனும் நெருங்கி உட்கார்ந்தான். அழும் பாவையின் கதை வந்தபோது அவன் சியோலை இழுத்தான்: 2016ஆம் ஆண்டு இறுதியிலும் 2017இன் தொடக்கத்திலும் குவாங்வாமுன் சதுக்கத்தில் மக்கள் இலட்சக்கணக்கில் மெழுகுவத்தி ஏந்தி நின்றதையும், 2017 மார்ச்சில் குடியரசுத் தலைவர் பதவியிழந்ததையும் மைத்துனர் மகன் அவனுக்குச் சொல்லியிருக்கிறான். பாவை அழுதால் போதாது, ஊரே வந்து நின்றாக வேண்டும் என்பது பையன் கட்சி. பழைய கொரிய அரசர் முறையிடுவோர் அடிப்பதற்கென்று அரண்மனையருகே முரசு ஒன்று வைத்திருந்தனர் என்று நாம் சொன்னதும், "நம் மனுநீதிச் சோழன் மணி வைத்த மாதிரி" என்று அன்னையார் முடித்துவைத்தார். திருவாரூரும் சியோலும் காலி கமானின் முரசமும் அவர் வாக்கில் ஒரே ஊரின் தெருக்களாகிவிட்டன.

பொழுது சாயும் வேளையில் லாட் பஜாருக்குள் நுழைந்தோம். அரக்கு வளையலுக்குப் பெயர்போன கடைத்தெரு. 2024இல் அவ்வளையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சூட்டில் இளகும் அரக்கை உருட்டி வளையமாக்கி, கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பதிக்கிறார்கள். முதியவர் ஒருவர் கடையில் அன்னையார் அமர்ந்துவிட்டார். இவருக்கு உருது தெரியாது. அவருக்குத் தமிழ் 'அம்மா, வாங்க' என்ற அளவோடு சரி. பேரம் அரை மணி நேரம் குறைவின்றி நடந்தது. இடையில் மொழிபெயர்க்க முன்வந்த பையனை இருவருமே கையமர்த்திவிட்டார்கள். பேத்திக்கு இரண்டு இணை பச்சை வளையல். விலையில் யார் வென்றார் என்பது எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வீடு திரும்பும் வண்டியில் பையன் பாட்டியாரிடம் பூம்புகாரின் ஐந்து மன்றங்களையும் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். தமிழில்தான் எழுதினான், 'இலஞ்சி'க்கு எந்த லகரம் என்று கேட்டுத் தெளிந்தான். எதற்கு என்று நாம் கேட்கவில்லை.

பாலாநகர் வந்து வளையலை அணிவித்துப் பார்த்தால், அளவு சிறிது. பேத்தியின் கைமணிக்கட்டைத் தாண்டவில்லை. மாற்றிக்கொள்ள அடுத்த ஞாயிறு மீண்டும் போக வேண்டியதுதான். கடை எந்தச் சந்தில் என்பது எங்கள் எவருக்கும் நினைவில்லை. மீன் வளைவிலிருந்து தாமே வழி காட்டுவதாக அன்னையார் சொல்லியிருக்கிறார்.